அக்காவுக்கு வாங்கிய டானிக்

நேற்றுக் காலை பூங்காவில் நான் போட்ட சத்தம் உங்கள் எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கும். வாசலில் இளநீர் வெட்டுகிறவரே அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார் என்றால், பக்கத்துப் பெஞ்சில் இருந்த உங்களுக்குக் கேட்காமல் இருக்காது. நம் நடைக் கூட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பாங்குக்காரரிடம்தான் கத்தினேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி உங்களில் இரண்டு பேர் போன் செய்தீர்கள். கேட்க மாட்டேன். ஏன் கேட்க மாட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் மறுபடியும் கத்திவிடுவேன்.

அவர் தன் பேரனைப் பற்றிப் பேசினார். பதின்மூன்று வயதுப் பையன், கொஞ்சம் பருமன். "ராத்திரி சோறு கட் பண்ணியாச்சு. மூணு சப்பாத்தி ஒண்ணாச்சு. ஆனாலும் பாருங்க, ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சோஃபாவுல பொத்துனு விழுந்துடறான். பரம சோம்பேறி" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். "அவன் உடம்புக்கு ரத்தத்துக்கு என்னம்மா குறைச்சல்?" என்றார். அப்போதுதான் என் வாய் திறந்துகொண்டது. இதே கேள்வியை இதே தோரணையில் என் அம்மா கேட்க, அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள் நான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. மைசூரில், மண்டி மொஹல்லாவில் ஒரு சாக்குக் கடைக்கு மேலே எங்கள் வீடு. பதினெட்டுப் படி ஏற வேண்டும். ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும், காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும், கால் இரண்டும் மழையில் நனைந்த கோணிச் சாக்கு போலக் கனக்கும். கீழே சாக்குக் கடையில் பழைய சாக்குகளை உதறும்போது கிளம்புகிற தூசியும் சணல் வாசனையும் அந்தப் படிக்கட்டு முழுக்க நிறைந்திருக்கும். அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் களைப்பின் வாசனைதான். நான் உட்கார்ந்திருப்பதை மேலேயிருந்து அம்மா எட்டிப் பார்ப்பாள்.

"உடம்பைப் பாரு, உக்காந்திருக்கற லட்சணத்தைப் பாரு. அக்கா பாரு, ஈர்க்குச்சியாட்டம் இருக்கறா, ரெண்டு குடம் தண்ணியோட ஏறி வர்றா. உனக்கு என்ன கேடு?"

அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். பிறந்ததிலிருந்தே ஒல்லி. ஓடுவாள், குதிப்பாள், சாயங்காலம் தெருவில் எல்லாப் பெண்களையும் ஆட்டத்தில் தோற்கடிப்பாள். ஆனால் எலும்பு தெரிந்தது. எலும்பு தெரிந்தால் எங்கள் வீட்டில் அது வியாதி. சதை தெரிந்தால் அது கொழுப்பு. இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வந்தால் அது அக்காவின் தட்டுக்குப் போகும். ரத்தம் ஊறும் என்று கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், முழுசாக அக்காவுக்கு. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை எல்லாம் அக்காவுக்கு. எனக்கு என்ன வந்தது என்றா கேட்கிறீர்கள்? வெந்நீர்.

வெந்நீரில் எலுமிச்சை, பதினோரு மணிக்குக் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் பாதி ராகிக் களி, ராத்திரி ஒரு தம்ளர் நீர்மோர். அதுவும் ஒருபொழுது இல்லாத நாளில். ஒருபொழுது என்பது நாள் முழுக்க ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. திங்கட்கிழமை சிவனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு, நடுவில் சஷ்டி வந்தால் முருகனுக்கு. மற்றப் பெண்கள் நல்ல கணவன் வேண்டும் என்று விரதம் இருப்பார்கள். என்னை இளைக்க வைக்க அம்மா நான்கு தெய்வங்களை வேலைக்கு அமர்த்தியிருந்தாள். சாமி பேரைச் சொல்லிச் சோறு போடாவிட்டால் அது பட்டினி ஆகாது, புண்ணியம் ஆகிவிடும். எதிர்த்துப் பேசினால் தெய்வக் குற்றம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை எந்த டயட்டுக்காரரும் கண்டுபிடித்துவிட முடியாது.

தசரா நேரத்தில் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் கொலு, சுண்டல், மைசூர் பாகு. நான் கையில் வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. கொடுத்தேன். நெய் விரலில் ஒட்டியிருக்கும். அதை நக்காமல் பாவாடையில் துடைத்திருக்கிறேன். அப்படியும் நான் தீனிப்பண்டாரம் என்று பெயர் வாங்கினேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் பச்சரிசி திருடித் தின்றேன். யார் கேட்டாலும் எனக்கே காரணம் தெரியாது. அரிசிப் பானையைத் திறந்தால் வரும் வாசனைக்கே வாயில் எச்சில் ஊறும். கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றால் தலைக்குள் ஏதோ அடங்கும். சிலேட்டில் எழுதும் பலப்பம் தின்றேன். மழைக்காலத்தில் குளியலறைச் சுவரின் ஈர மண் வாசனைக்காக மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருநாள் அம்மா என்னைப் பானையும் கையுமாகப் பிடித்துவிட்டாள்.

"சோத்தைக் கொறைச்சா அரிசியைத் திங்குது பாருங்க! இதென்ன வயிறா, மண்டிக் குடோனா?"

அன்றிலிருந்து அரிசிப் பானை பரணுக்குப் போனது. புதன்கிழமையும் ஒரு தெய்வத்துக்கு ஒதுக்கப்பட்டது.

அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் தெருவிலிருந்து நாலாவது சந்தில் ஒரு தானிய மண்டியில் எடை போடுகிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் என்னை அங்கே அழைத்துப் போய், மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் இரும்புப் பலகையில் ஏற்றி நிறுத்துவார். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வரும்.

"அம்மிணி, அசையாம நிக்கோணும். மூச்சை இழுத்துப் புடிக்காத, எடை ஏமாத்தும்."

எடையைச் சத்தமாகச் சொல்லுவார். மூட்டைக்குச் சொல்லும் அதே குரல். எவனாவது ஒருவன், "அண்ணா, இதென்ன பொன்னியா, சோனாவா?" என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கீழே இறக்கும்போது கையைப் பிடித்துத்தான் இறக்குவார்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றை நினைத்து. அப்பாவின் இடுப்பில் எப்போதும் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். ஒரு சாண் நீளம், முனை கூராக இருக்கும். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் தானியம் உள்ளங்கையில் கொட்டும். எந்த மூட்டையையும் அப்பா எடையை மட்டும் பார்த்து ஏற்றுக்கொண்டதே இல்லை. "தண்ணி தெளிச்சாலும் எடை நிக்கும், கல்லைப் போட்டாலும் எடை நிக்கும். உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கோணும்" என்று கொண்டுவந்த விவசாயியிடம் சொல்லுவார். குத்துவார், மோந்து பார்ப்பார், பல்லில் கடித்துப் பார்ப்பார். ஊரில் வருகிற துவரைக்கு எல்லாம் உள்ளே பார்த்த மனுஷன், பெற்ற மகளைத் தராசில் ஏற்றி இறக்கியதோடு விட்டுவிட்டார். என் கண் இமையைக் கீழே இழுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நகம் வெளுத்திருந்ததைப் பார்த்திருந்தால் போதும்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் இத்தனை வருஷம் கழித்து எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. நான் ஏழாம் வகுப்பு. அந்தக் காலத்தில் அங்கே ஏழாவதுக்கே வருஷக் கடைசியில் பொதுப் பரீட்சை. நான் வகுப்பில் தூங்கினேன். இரண்டாவது பீரியட் வரைக்கும் கண்ணைப் பிடித்து வைத்திருப்பேன், அதற்குப் பிறகு கரும்பலகை அப்படியே நழுவிப் போகும். டீச்சர் கன்னடக்காரர். டஸ்டரால் பெஞ்சைத் தட்டி, "ஏய், ஏளு மேலே! மனேலி நித்தே மாடல்வா?" என்பார். எழுந்திரு, வீட்டில் தூங்குவதே இல்லையா என்று அர்த்தம். வீட்டிலும்தான் தூங்கினேன். தூங்கி எழுந்தும் தூங்கின மாதிரியே இருக்காது. அதைச் சொல்ல எனக்குத் தமிழிலும் தெரியவில்லை, கன்னடத்திலும் தெரியவில்லை.

அரைப் பரீட்சையில் நான்கு பாடத்தில் போனது. டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பெண் சோம்பேறி, கவனம் இல்லை, உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இத பாரு அம்மிணி. பெரிய பரீட்சையில பாஸானா மேல படி. போச்சுன்னா நின்னுக்கோ. வீட்டுல உக்காந்து பத்தி உருட்டலாம், உக்காந்த வேலைதான், உனக்கும் சௌகரியம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் ஊதுபத்தி உருட்டினார்கள். பலகை, கரி மாவு, மூங்கில் குச்சிக் கட்டு, கறுத்துப்போன உள்ளங்கை. படிப்பு வராத பெண்ணுக்கு அந்தப் பலகைதான் அடுத்த வகுப்பு. எனக்குப் படிப்பு வரும். கணக்கு பிடிக்கும். விழித்திருக்கத்தான் முடியவில்லை. அன்று ராத்திரி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே தூங்கியும் போனேன். அம்மா அதையும் சொல்லிக் காட்டினாள்.

இந்த இடத்தில்தான் டானிக் வருகிறது. சந்து முனையில் இருந்த டாக்டர், அக்காவின் எலும்பைப் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பழுப்பு நிறப் பாட்டில், ரத்தம் ஊறுகிற டானிக். மூடியில் ஊற்றிக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. அக்காவுக்கு அதைக் கண்டாலே குமட்டும். முதல் வாரம் குளியலறையில் போய்க் கொட்டினாள். சிமெண்ட் தரையில் செம்பழுப்புக் கறை பிடித்துக் காட்டிக் கொடுத்துவிட்டது. நல்ல அடி. அதற்குப் பிறகு அம்மா பாட்டிலில் அளவு குறைகிறதா என்றும் பார்த்தாள், தரையில் கறை இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

பாட்டில் காலியாக வேண்டும், தரையும் சுத்தமாக இருக்க வேண்டும். அக்கா யோசித்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏய், உனக்குத்தான் எது குடுத்தாலும் திம்பியே. இதக் குடிச்சிரு. நான் யார்கிட்டயும் சொல்லல, நீயும் சொல்லக் கூடாது. சொன்னா பாரு, தோலை உரிச்சிருவேன்."

குடித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. மூடியை நாக்கால் வழித்தேன். சாக்கடைக்குப் போக வேண்டியது எனக்கு வந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குத் திகட்டிய சுவரொட்டியும் அடுப்படி மறைவில் என் கைக்கு வந்தது. இந்தக் காலத்தில் ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் குடித்தால் நானே திட்டுவேன். அப்போது எங்கள் இருவருக்கும் அது மருந்தே இல்லை. அவளுக்குத் தொல்லை, எனக்குத் தீனி.

தையில் ஆரம்பித்தது. மாசியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மேலே வந்து நின்றபிறகுதான், படியில் உட்காரவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. வகுப்பில் நான்காவது பீரியடிலும் கரும்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அரிசிப் பானை பரணில் இருப்பதே மறந்துபோனது. பல் மட்டும் கறுத்தது. டானிக் செய்த வேலை. அம்மா அதையும் பார்த்தாள். "உமிக்கரியில பல்லைத் தேய்ச்சிட்டுக் கொப்புளிக்கறதுக்குக்கூடச் சோம்பலா?" என்று தலையில் குட்டினாள். கண்ணுக்கு நேராகச் சாட்சி இருந்தும் ஒரு மனுஷி இத்தனை தூரம் தவறாகப் பார்க்க முடியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமைத் தராசு இதில் எல்லாவற்றையும்விட வேடிக்கை. என் எடை குறையவே இல்லை. அரைக் கிலோ கூடியிருந்தது. அப்பா இரண்டு தடவை நிறுத்தார். பிறகு அம்மாவிடம், "எடை அப்படியேதான் நிக்குது. ஆனா புள்ள ஓடியாடித் திரியுது, எப்படின்னு தெரியல" என்றார்.

அம்மாவுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "விரதம்ங்க! உள்ள இருந்த கெட்ட தண்ணியெல்லாம் வத்திருச்சு. சாமி கைவிடுமா?"

பரீட்சை எழுதினேன். பாஸானேன். கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. அப்பா அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கி வந்து மண்டியில் எல்லோருக்கும் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் அதற்குப் பிறகு என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு வில்லை கிடைத்தது. அம்மா பக்கத்திலேயே நின்று, "மெதுவா, மெதுவா" என்றாள்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இத்தோடு நிறுத்தினால் எனக்கும் சந்தோஷம்தான். முதல் பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல அரிசி, பலப்பம் ஏதாச்சும் தின்னியாம்மா?" என்று கேட்டார். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்கு அந்த ஆசை வரும், பருமனான பிள்ளைகளுக்கும் அந்தக் குறைவு வரும், சத்தில்லாமல் வெறுமனே பட்டினி போட்டால் இன்னும் மோசமாகும் என்று சொன்னார். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டானிக் கதையைச் சொன்னேன். "போடி, விரதந்தான் உன்னைக் காப்பாத்துச்சு, சாமியைப் பழிக்காத" என்றாள். சாகிற வரைக்கும் அப்படியேதான் சொன்னாள். அக்காவும் சாட்சிக்கு வரவில்லை. தனக்கு ஞாபகமே இல்லை என்றாள்.

ஆனால் நான் பாஸான அந்தக் கோடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ரத்தம், இரும்பு எதுவும் தெரியாதுதான். டானிக் குடித்த பிறகுதான் தூக்கம் போனது என்பது தெரியும். அது எனக்கு மிக நன்றாகவே தெரியும்.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஒரு வகுப்புக் கீழே. என்னைப் போலவே உருண்டை, என்னைப் போலவே எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவாள். அவள் அப்பா கட்டட வேலை. ரிசல்ட் வந்த மறுநாள் அவளுடைய அம்மா எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

"அக்கா, உங்க பொண்ணுக்கு என்ன பண்ணுனீங்க? எங்க வீட்லயும் ஒண்ணு எந்நேரமும் படுத்தே கெடக்கு. அடுத்த வருஷம் இவளுக்கும் பெரிய பரீட்சை. தப்பினா நிறுத்திருவேன்றார் எங்க வீட்டுக்காரர்."

என் அம்மா நெற்றிக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். வெந்நீர், கொள்ளுத் தண்ணீர், பாதிக் களி, திங்கள், புதன், வெள்ளி, சனி. அந்த அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கைச் சதையைக் கிள்ளினாள். வலித்தது. வலித்ததால் பேசாமல் இருந்தேன் என்று இவ்வளவு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மாசத்துப் பாட்டிலில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. சொன்னால் அது எனக்கு இல்லாமல் போய்விடும். மறுபடி ஒன்பதாவது படியில் உட்கார நான் தயாராக இல்லை.

அவளுக்கும் என் மாதிரி ரத்தக் குறைவுதானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் பட்டினி கிடந்தாள். பரீட்சை ஹாலிலேயே தூங்கிவிட்டாள் என்று சொன்னார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு, புதுச் சீருடை, புதுக் கணக்கு நோட்டு. படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். அவள் வாசலில் பலகை முன்னால் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கறுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பண்ணுனது எல்லாமே நானும் பண்ணுனேன்க்கா. ஒரு வெரதம்கூட விடல. எனக்கு மட்டும் ஏன்க்கா தூக்கம் போகல?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தேன்.

"நடுவுல ஏதாச்சும் தின்னிருப்ப" என்றேன்.

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா. பொங்கலன்னைக்கு ஒரு வடை தின்னேன். அதுதான் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.